ஒரு வார மலைப் பயணம்: கம்ப்யூட்டரில் திட்டமிடுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டுக் கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், பிள்ளைகள் கேம்ஸ் ஆடுவார்கள். பிறகு, "இதை வைத்து உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். எனக்கும் வந்தது. அதற்கு நான் கண்டுபிடித்த பதில்களில் ஒன்றை இங்கே தருகிறேன். நாங்கள் நான்கு பேர் சமயநல்லூரிலிருந்து புறப்பட்டு, இமயமலையில் ஒரு வாரம் நடந்து திரும்பினோம். அதற்கான திட்டம் முழுவதையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஒர்க் ஷீட்டில் போட்டேன். அந்த ஒர்க் ஷீட் எங்கள் முதல் திட்டத்திலிருந்த ஒரு பெரிய தவறைக் காட்டிக் கொடுத்தது. அந்தத் தவறோடு போயிருந்தால் ஒருவராவது மலையில் படுத்திருப்பார்.

நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் உத்தராகண்ட் மாநிலம், சமோலி மாவட்டத்தில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கும், அதன் அருகே உள்ள ஹேம்குண்ட் சாகிப் ஏரியும். 1931இல் ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேற்ற வீரர் காமெட் சிகரத்திலிருந்து இறங்கி வரும் வழியில் இந்தப் பள்ளத்தாக்கைக் கண்டு, அதைப் பற்றி எழுதிய பிறகுதான் இது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. 2005 முதல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை பூக்கள் அதிகம். மழையும் அப்போதுதான் அதிகம்.

என்னென்ன தேவை?

எக்செல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கிக் கொள்ளுங்கள். அதில் உள்ள கால்க் புரோகிராம் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். இரண்டாவது, கூகுள் எர்த் புரோ. ஒரு காலத்தில் பணம் கட்டி வாங்க வேண்டியிருந்த இந்தப் புரோகிராம் 2015 முதல் இலவசம். மூன்றாவது, ஒரு பிரிண்டர். சொந்தமாக இல்லாவிட்டால் பைலைப் பென் டிரைவில் எடுத்துக் கொண்டு பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுக்கலாம்.

முதல் திட்டத்தில் என்ன தவறு?

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கிலோமீட்டர்களை மட்டும் எழுதினேன். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கி.மீ. எங்கள் ஊரிலிருந்து சேலம் போகும் தூரம்தான் கிட்டத்தட்ட. நான்கு மணி நேரம் போதும் என்று நினைத்தேன். புல்னா என்ற ஊரிலிருந்து காங்கரியா சுமார் 10 கி.மீ. நடை, காலை நடைப்பயிற்சியில் பாதியைப் போய் விடுவோமே என்று எண்ணினேன். காங்கரியாவிலிருந்து ஹேம்குண்ட் 6 கி.மீ. மட்டுமே. எனவே ரிஷிகேஷிலிருந்து கிளம்பிய மூன்றாம் நாளே ஹேம்குண்ட் என்று எழுதி விட்டேன். மொத்தம் ஆறு நாள். அன்று இரவே டெல்லிக்கு ரயில். ஏழாம் நாள் டெல்லியைச் சுற்றிப் பார்ப்பது.

கிலோமீட்டர் என்பது நம் சமவெளிக் கணக்கு. மலையில் இரண்டு கணக்குகள்தான் முக்கியம்: எவ்வளவு உயரம் ஏறுகிறோம், எந்த உயரத்தில் இரவு தூங்குகிறோம். இந்த இரண்டுக்கும் நோட்டில் இடமே இல்லை. இவற்றைக் கம்ப்யூட்டரிடம் எப்படிக் கேட்பது என்று பார்ப்போம்.

உயரத்தைக் கண்டுபிடித்தல்

கூகுள் எர்த் புரோவைத் திறந்து, ஏதாவது ஓர் இடத்தின் மேல் மவுஸைக் கொண்டு செல்லுங்கள். திரையின் அடியில் அந்த இடத்தின் உயரம் தெரியும். உயரம் அடியில் வந்தால், டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று மீட்டருக்கு மாற்றிக் கொள்ளுங்கள்.

நான் முதலில் எங்கள் வீட்டின் மேல்தான் மவுஸை வைத்தேன். வைகைக் கரையை ஒட்டிய சமவெளி; 200 மீட்டருக்குக் கீழ்தான் காட்டியது. நாம் உயரம் என்று நினைக்கும் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். நாங்கள் மூன்று இரவு தூங்கத் திட்டமிட்டிருந்த காங்கரியாவோ சுமார் 3,050 மீட்டர். அதாவது ஆனைமுடி உச்சியை விடவும் உயரத்தில் எங்கள் படுக்கை! ஹேம்குண்டின் உயரம் இடத்துக்கு இடம் வெவ்வேறாக எழுதப்பட்டுள்ளது. நான் 4,300 மீட்டர் என்று வைத்துக் கொண்டேன். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். 4,300 மீட்டரில் 60 சதவீதம் அளவுக்கு இறங்கி விடும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவில் குறையும்.

நடக்கும் பாதையின் ஏற்ற இறக்கத்தையும் பார்க்கலாம். ஆட் மெனுவில் பாத் என்பதைத் தேர்ந்தெடுத்து, பாதை நெடுகிலும் ஒவ்வொரு புள்ளியாகக் கிளிக் செய்து கொண்டே செல்லுங்கள். பெயர் கொடுத்து ஓகே செய்ததும், இடது பக்கம் உள்ள பட்டியலில் அந்தப் பெயர் வரும். அதன் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, ஷோ எலிவேஷன் புரொஃபைல் என்பதைக் கிளிக் செய்யுங்கள். பாதையின் வரைபடம் கீழே வந்து விடும். இதில் இரண்டு எச்சரிக்கைகள். குறைவான புள்ளிகள் வைத்தால் கொண்டை ஊசி வளைவுகள் விடுபட்டு, தூரம் உண்மையை விடக் குறைவாகத் தெரியும். மற்றொன்று, படம் பழையதாக இருக்கலாம். 2013 ஜூன் மாதப் பெருவெள்ளத்தில் கோவிந்த்காட் முதல் காங்கரியா வரையிலான பாதை பெரிதும் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. அதற்கு முந்தைய வரைபடங்களை நம்ப வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லி விடுகிறேன். சமயநல்லூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலைக்கு முன்பு எண் 7. 2010இல் எண்களை மாற்றியபோது அது 44 ஆனது. ரிஷிகேஷ் - பத்ரிநாத் சாலைக்கு முன்பு எண் 58. இப்போது அதன் எண் 7! பழைய தகவல்களையும் புதிய தகவல்களையும் கலந்து படித்தால் தலை சுற்றும். சாலை எண்ணை விட்டு விட்டு ஊர்ப் பெயர்களை வைத்துத் தேடுங்கள்.

ஒர்க் ஷீட் தயாரித்தல்

புதிய ஒர்க் ஷீட்டைத் திறங்கள். முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: நாள், தேதி, புறப்படும் இடம், சேரும் இடம், நடை தூரம், ஏற்றம், நடை நேரம், தூங்கும் உயரம், உயர வித்தியாசம், அனுமதி. அடுத்த வரிசையிலிருந்து ஒரு நாளுக்கு ஒரு வரிசை.

புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறு: கட்டத்தில் "1890 மீ" என்று டைப் செய்வது. அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் அதை எண்ணாக எடுத்துக் கொள்ளாது. கணக்குப் போடும்போது பிழைச் செய்தி வரும். எண்ணை மட்டும் கொடுங்கள். மீட்டர், கிலோமீட்டர் என்பதையெல்லாம் தலைப்பில் எழுதிக் கொள்ளுங்கள். அதேபோல் ஒரு கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக வரிசையாக ஹாஷ் குறிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கட்டம் குறுகலாக இருக்கிறது என்றே அர்த்தம். தலைப்பில் உள்ள கோட்டை மவுஸால் இழுத்து அகலப்படுத்தினால் சரியாகி விடும்.

இப்போது உயர வித்தியாசம். அந்தக் கட்டத்தில் சமக்குறி போடுங்கள். இன்றைய தூங்கும் உயரம் உள்ள கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறி போடுங்கள். நேற்றைய தூங்கும் உயரம் உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். விடை வந்து விடும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா நாட்களுக்கும் விடை வரும்.

எக்செல்லில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்ற வசதி உள்ளது. உயர வித்தியாசக் கட்டங்களைத் தேர்வு செய்து, ஹோம் பகுதியில் இதைக் கிளிக் செய்து, 500க்கு மேல் இருந்தால் சிவப்பு நிறம் என்று கொடுங்கள். கால்க் புரோகிராமில் இதே வசதி ஃபார்மேட் மெனுவில் இருக்கிறது.

500 என்ற எண் எங்கிருந்து வந்தது? 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் சொல்லப்படும் பொதுவான விதி. 2,500 முதல் 3,000 மீட்டர் உயரத்தை எட்டவே இரண்டு நாட்களாவது எடுத்துக் கொள்வது நல்லது.

சிவப்பாக மாறிய கட்டங்கள்

என் முதல் திட்டத்தை ஒர்க் ஷீட்டில் ஏற்றியதும் இரண்டு கட்டங்கள் சிவப்பாயின. முதலாவது, ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட். ஜோஷிமட் சுமார் 1,890 மீட்டர்தான். இதற்குக் கவலைப்படத் தேவையில்லை. இரண்டாவது, ஜோஷிமட்டிலிருந்து காங்கரியா. ஒரே நாளில் தூங்கும் உயரம் 1,160 மீட்டர் கூடுகிறது. மறுநாள் காலையிலேயே அங்கிருந்து 4,300 மீட்டருக்கு ஏறுவதாக வேறு எழுதியிருந்தேன்.

காங்கரியாவுக்கு முன்னால் தங்குவதற்கு எங்களுக்கு வசதியான இடம் கிடைக்கவில்லை. எனவே சிவப்பை அழிக்க முடியவில்லை. அதன் இருபுறமும் நாட்களைக் கூட்டினேன். ஜோஷிமட்டில் ஒரு இரவுக்குப் பதில் இரண்டு இரவு. காங்கரியா சேர்ந்த மறுநாள் ஹேம்குண்ட் வேண்டாம். ஏற்றம் குறைந்த பூக்களின் பள்ளத்தாக்கு. ஹேம்குண்ட் அதற்கும் அடுத்த நாள். அங்கே இரவு தங்க முடியாது. எனவே ஏறி இறங்கி மீண்டும் காங்கரியாவில்தான் தூக்கம். பகலில் உயரத்துக்குப் போய் இரவில் தாழ்வான இடத்தில் தூங்குவது உடம்புக்கும் நல்லது.

நடை நேரம்

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892இல் ஓர் எளிய விதியைச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், 5 கி.மீ. தூரத்துக்கு 1 மணி நேரம். அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு 1 மணி நேரம்.

நடை நேரக் கட்டத்தில் சமக்குறி போட்டு, தூரக் கட்டத்தைக் கிளிக் செய்து, வகுத்தல் குறியும் 5உம் டைப் செய்யுங்கள். பிறகு கூட்டல் குறி போட்டு, ஏற்றக் கட்டத்தைக் கிளிக் செய்து, வகுத்தல் குறியும் 600உம் டைப் செய்து என்டர் தட்டுங்கள். புல்னா - காங்கரியாவுக்கு 10 கி.மீ. தூரம், 1,000 மீட்டர் ஏற்றம் என்று கொடுத்தால் 3.67 வரும். இது மலையில் பழகியவர்களின் நேரம். நம்மைப் போன்றவர்கள் இதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். ஐந்தரை மணி நேரம். விடை 5.5 என்று வந்தால் ஐந்து மணி முப்பது நிமிடம், ஐம்பது நிமிடம் அல்ல என்பதைக் கவனியுங்கள். நாங்கள் உண்மையில் எடுத்துக் கொண்டது ஆறு மணி நேரம். ஹேம்குண்டுக்கு 6 கி.மீ. தான், ஆனால் ஏற்றம் 1,250 மீட்டர். கணக்குப்படி ஏறுவதற்கு மட்டுமே ஐந்து மணி நேரம்.

1,000 மீட்டர் ஏற்றம் என்றால் எவ்வளவு என்று புரியவில்லையா? பழனி மலை அடிவாரத்திலிருந்து சுமார் 450 அடி. பழனிப் படிகளை ஒரே நாளில் ஏழு முறை ஏறுவதற்குச் சமம். இதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் நான்கு பேரும் ஒழுங்காகப் பயிற்சி எடுக்க ஆரம்பித்தோம்.

பஸ் நேரத்துக்கு எந்த விதியும் உதவாது. ரிஷிகேஷ் - ஜோஷிமட் 250 கி.மீ. தூரத்துக்கு ஒரு முழுப் பகல் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ரயில் டிக்கெட் தேதி

மதுரையிலிருந்து டெல்லி நிஜாமுதீனுக்குச் சம்பர்க் கிராந்தி, திருக்குறள் எக்ஸ்பிரஸ் ரயில்கள் உள்ளன. இரண்டும் தினசரி ரயில்கள் அல்ல. எந்தக் கிழமை என்று பார்த்து விட்டு மற்றத் தேதிகளைப் போடுங்கள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டு விட்டது. பயணத் தேதிக் கட்டத்தைக் கிளிக் செய்து 60ஐக் கழித்தால் முன்பதிவு தொடங்கும் தேதி கிடைக்கும். ஆகஸ்ட் 20 பயணம் என்றால் ஜூன் 21. நள்ளிரவு 12 மணிக்கு மேல் புறப்படும் ரயிலில் தேதியை இரண்டு முறை சரிபாருங்கள். 20ஆம் தேதி இரவு சாப்பிட்டு விட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாலும், டிக்கெட்டில் 21 என்றுதான் இருக்க வேண்டும்.

அனுமதிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காயமடைந்தவர்கள் பலரை எங்கள் மதுரை அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டு வந்தார்கள். அதன் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தை அரசு தொடங்கியது. 40 பாதைகளுக்கு இண்டர்நெட்டிலேயே முன்பதிவு செய்யலாம். இமயமலைக்கு முன் ஒரு நாள் பயிற்சிக்கு இந்தப் பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

உத்தராகண்டில் ஹேம்குண்ட் செல்ல அம்மாநிலச் சுற்றுலாத் துறையின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பூக்களின் பள்ளத்தாக்குக்கு வனத்துறை அனுமதி வேண்டும். பள்ளத்தாக்கினுள் இரவு தங்க அனுமதி இல்லை. ஒர்க் ஷீட்டில் ஒவ்வொரு நாளுக்கும் என்ன அனுமதி, வாங்கியாகி விட்டதா என்று எழுதுங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் புறப்படாதீர்கள்.

எட்டாவது வரிசை

திருத்திய திட்டம் இப்படி வந்தது. நாள் 1: ரிஷிகேஷ் - ஜோஷிமட். நாள் 2: ஜோஷிமட்டில் ஓய்வும் சிறு நடையும். நாள் 3: காங்கரியா. நாள் 4: பூக்களின் பள்ளத்தாக்கு. நாள் 5: ஹேம்குண்ட். நாள் 6: இறங்கி ஜோஷிமட். நாள் 7: ரிஷிகேஷ். இதற்கு அப்புறம் எட்டாவதாக ஒரு வரிசை சேர்த்து, எந்த ஊரும் எழுதாமல் விட்டேன். அது கையிருப்பு நாள். டெல்லி ரயிலை அதற்கும் அடுத்த நாளில்தான் எடுத்தோம். "ஒரு நாள் சும்மா வீணா?" என்று என் மைத்துனர் கேட்டார்.

அந்தக் கையிருப்பு நாளை வாங்கிக் கொண்டவர் அவரேதான். காங்கரியா சேர்ந்த இரவு அவருக்குத் தலைவலி, குமட்டல், சாப்பிட முடியவில்லை. உயர நோயின் ஆரம்ப அறிகுறிகள் இவை. அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. கூடினால் உடனே கீழே இறங்க வேண்டும். நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது இவை வந்தால் இரவானாலும் காத்திருக்கக் கூடாது. மறுநாள் முழுவதும் அறையிலேயே ஓய்வெடுத்தோம். மாலையில் தலைவலி விட்டது. அதற்கு அடுத்த நாள் பள்ளத்தாக்கு, பிறகு ஹேம்குண்ட். முதல் திட்டத்தின்படி போயிருந்தால் அந்தக் காலையில் அவரை 4,300 மீட்டருக்கு ஏற்றிக் கொண்டு போயிருப்பேன். அவரும், "டிக்கெட் போட்டாச்சே" என்று சொல்லிக் கொண்டு வந்திருப்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரைக் கேளுங்கள்.

புறப்படும் முன்

பயணத்துக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது இந்திய வானிலைத் துறையின் தளத்தில் சமோலி மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் மலைச்சாலையில் மண் சரியும் வாய்ப்பு அதிகம். அதற்காகவும்தான் கையிருப்பு நாள்.

ஒர்க் ஷீட்டை மூன்று பிரதிகள் பிரிண்ட் எடுங்கள். ஒன்று உங்கள் சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறையில். மலையில் கரண்டும் செல்போன் சிக்னலும் எப்போது இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது உடன் வருபவரிடம். மூன்றாவது வீட்டில். அதன் அடியில், "எட்டாம் நாள் இரவு வரை போன் வராவிட்டால் இன்னின்னாருக்குத் தகவல் சொல்லவும்" என்று எழுதி, தங்கும் விடுதிகளின் போன் எண்களையும் அவசர உதவி எண் 112ஐயும் சேருங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாளைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்து, தினமும் ஒவ்வொரு வரிசையாக அடித்துக் கொண்டே வந்திருக்கிறார்கள்.

நீங்களும் இன்றே ஒரு ஒர்க் ஷீட்டைத் திறந்து பாருங்கள். இமயமலை இல்லாவிட்டாலும் கொடைக்கானல், கொழுக்குமலை என்று ஏதாவது ஓர் இடத்தைப் போட்டுப் பழகுங்கள். ஊர்ப் பெயர் எது வேண்டுமானாலும் இருக்கட்டும். கடைசி வரிசையை மட்டும் காலியாக விட மறக்காதீர்கள்.